கேபிள் மேல் விழுந்த பழி

ஏலே மணி,

இந்தக் கடிதம் உன் கண்ணில் படும்போது நீயும் உமாவும் ஓசூர் வீட்டில் மூட்டை பிரித்துக்கொண்டிருப்பீர்கள். கல்யாணத்துக்கு அடித்த தாம்பூலப் பை ஒன்றில் உன் காசுக்குச் சாவியான அந்தக் கருவி இருக்கிற டப்பாவைப் போட்டு, அதற்கு அடியில் இதை மடித்து வைத்திருக்கிறேன். தென்காசியிலேயே கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என் முகத்துக்கு நேரே நின்று படிப்பாய், பாதியில் சிரிப்பாய், எனக்குச் சுள்ளென்று கோபம் வரும், ரயிலேறுகிற நேரத்தில் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்போம். நம் வீட்டில் அப்படித்தான் நடக்கும். அதனால் நீ அங்கே நான் இங்கே என்று ஆன பிறகு பேசுகிறேன். உமாவும் படிக்கட்டும், தப்பில்லை. மாமியார் எப்படிப்பட்டவள் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது அவளுக்கும் நல்லதுதான்.

கல்யாண வீட்டில் கேட்டவர்களிடமெல்லாம் நீ ஒரு கதை சொன்னாய். மஸ்கட்டில் மாட்டிக்கொண்ட கதை. "எங்கம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் போயி ஒரு கேபிள வாங்கிட்டு வந்து மாட்டுனா, அவ்வளவுதான், எல்லாம் சரியாயிட்டு" என்று முடித்தாய். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னை ஏதோ இன்ஜினியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நானும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. கேபிளால் எதுவும் சரியாகவில்லை. அந்த நாலு நாளும் நீ அங்கே தவித்ததற்குக் காரணம் லேப்டாப் இல்லை, கருவி இல்லை, நான்தான். செய்த தப்பைவிட, அதை ஏன் உன்னிடம் மறைத்தேன் என்று சொல்வதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. செங்கோட்டையில் மரம் அறுக்கிற மில்லில் வேலை, வாயில் ஒரு கெட்ட சொல் வராது, குடி கிடையாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பஸ் ஏறி மலையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போய்க் கேரளா லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவார், அது ஒன்றுதான். "அடுத்த வாரம் அடிக்கும் பாரேன்" என்பார். அவர் சொல்கிற விதத்தில் சில சமயம் எனக்கே நம்பிக்கை வந்துவிடும், அதுதான் கொடுமை. அவர் போன பிறகு சுவரில் இருந்த பழைய காலண்டரை எடுத்தபோது அதன் பின்னால் இரண்டு கட்டுச் சீட்டு ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. ஒன்றுகூட அடித்ததில்லை. நான் அதை அப்படியே வெந்நீர் அடுப்பில் போட்டேன். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். கதவோரம் நின்று பார்த்தாய். நான் அழவில்லை என்று உனக்கு அன்றைக்கு என்மேல் கோபம். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் அழுகை வரவில்லை என்பதுதான் உண்மை.

அதனால்தான் நீ கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு தீபாவளி லீவுக்கு வந்து, கிரிப்டோ என்கிற கம்ப்யூட்டர் காசு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது. நீ தேங்காய்ப்பால் சொதி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "காசுன்னா எங்க இருக்கு, காட்டு பாப்போம்" என்றேன். "கைல பாக்குற காசு இல்லம்மா" என்று போனைக் காட்டி விளக்க ஆரம்பித்தாய். நான் விளக்கத்தைக் கேட்கவே இல்லை. "அவரு ஆரியங்காவுக்கு பஸ் ஏறிப் போனாரு, நீ வீட்ல இருந்தே வாங்குத. உங்கப்பன் ரத்தம்லா, எங்க போவும்" என்றேன். நீ எழுந்து தட்டிலேயே கையைக் கழுவினாய். சொதி என்றால் உயிரை விடுகிற பிள்ளை, பாதிச் சோற்றில் கை கழுவினாய். அத்தை என்னைப் பார்த்தாள். நான் ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சொன்னதைத் திரும்ப வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நீ என்னிடம் பேசியதெல்லாம் "சாப்ட்டியாம்மா", "அங்கன மழை பெய்யுதா" என்பதோடு சரி.

மஸ்கட்டுக்குப் புறப்படுகிற அன்றைக்கு நீ அந்தக் கருவியை என்னிடம் கொடுத்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம். விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாமான், ஒரு சின்னக் கண்ணாடி, இரண்டு பொத்தான், ஒரு ஓரத்தில் கேபிள் சொருகத் துளை. கூடவே ஒட்டிய உறை ஒன்று. நீ பொறுமையாகச் சொன்னாய். காசு இதற்குள் இல்லை, இது சாவி மாதிரி. கம்ப்யூட்டரில் சொருகி, ரகசிய எண்ணைப் போட்டு, பொத்தானை அமுக்கினால்தான் காசு நகரும். உறைக்குள் இருபத்துநாலு இங்கிலீஷ் வார்த்தை வரிசையாக எழுதியிருக்கிறது, சாவி தொலைந்தால் அந்த வார்த்தைகளை வைத்துப் புதுச் சாவி வெட்டிக்கொள்ளலாம். அந்த வார்த்தைகள் யார் கைக்குப் போனாலும் காசு அவனுடையது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. லாட்ஜில் வேலை பார்க்கிறவளுக்கு இது புரியாதா? கருவியை வீட்டு பீரோவில் வைத்தேன். உறையைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், ஐந்தருவி ரோட்டில் இருபத்தாறு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கிற லாட்ஜ் லாக்கரில், எனக்கென்று ஒதுக்கிய தட்டில் வைத்தேன். "எங்கிட்ட ஏன்லே குடுக்க?" என்று கேட்டேன். "நீ இதத் தொடவே மாட்டேல்லா, அதான்" என்றாய். குத்தலாகத்தான் சொன்னாய். எனக்கும் குத்தியது.

எட்டு மாதம் கழித்து உன் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாலு மாதச் சம்பளம் தரவில்லை என்பதை நீ அப்போதுதான் சொன்னாய். ரூம் வாடகை நிற்கிறது, விசா முடியப் பத்து நாள், ஊருக்கு டிக்கெட் எடுக்கக் கையில் காசு இல்லை, வைகாசியில் கல்யாணம். என் வளையலை வைத்து அனுப்புகிறேன் என்றேன். போனில் உன் முகம் சுருங்கியது. "வேண்டாம்மா. அந்த காசுலயே வாரேன். நீ அந்த சாமானை லேப்டாப்புல மாட்டி ரெண்டு பொத்தான் அமுக்குனா போதும்." அப்போதே எனக்குப் புரிந்தது. டிக்கெட் காசு யாரிடமும் வாங்கலாம். உன் அத்தையிடம் கேட்டால் தரமாட்டாளா? நான் சூது என்று சொன்ன காசில்தான் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்று நீ வைராக்கியமாக இருந்தாய். அது நடக்காமல் போனால் நீ வேறு வழியில் வந்துவிடுவாய். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன சொல் உண்மையாகிவிடும். உனக்கும் எனக்கும் நடுவில் அப்புறம் ஒன்றும் மிஞ்சாது.

முதல் நாள் காலையில் லீவு போட்டேன். உன் பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். அதில் உன் முகம். தாடி வளர்ந்து கிடந்தது. டப்பாவோடு வந்த கேபிள் எங்கே என்று கேட்டாய். அதை நான் என் போனுக்குச் சார்ஜ் போட லாட்ஜுக்கு எடுத்துப் போய், அவசரம் என்று கேட்ட, தங்க வந்த ஒரு பார்ட்டிக்குக் கொடுத்தேன், அவர்கள் அதையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீ தலையில் கை வைத்தாய். ஆனால் எங்கள் லாட்ஜில் கேபிளுக்கா பஞ்சம்? குளிக்க வருகிறவர்கள் விட்டுப்போகிற துண்டு, எண்ணெய்ப் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் ரூம் நம்பர் எழுதி ஒரு அலமாரியில் வைப்போம் அல்லவா, அதில் கேபிள் மட்டும் ஒரு பை நிறைய இருந்தது. மூன்று மாதம் யாரும் கேட்காதது. அதைக் கொண்டுவந்திருந்தேன்.

ஒவ்வொன்றாக மாட்டினோம். கருவியில் வெளிச்சம் வந்தது. ரகசிய எண் கேட்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் எண் கூடும், இன்னொன்றை அமுக்கினால் குறையும், இரண்டையும் சேர்த்து அமுக்கினால் அடுத்ததற்குப் போகும். என் கட்டை விரலுக்கு அந்தப் பொத்தான் எங்கே தெரிகிறது? முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாவதும் தப்பாகப் போட்டால் எல்லாவற்றையும் தானே அழித்துக்கொள்ளும் என்று நீ அப்போதுதான் சொன்னாய். "நிதானமா, ம்மா. தண்ணி குடிச்சிட்டு வா" என்றாய். அவ்வளவு கஷ்டத்திலும் நீ குரலை உயர்த்தவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நடப்பதே வேறு. தண்ணீர் குடித்து, கையைத் துடைத்து, மூன்றாவதாகச் சரியாகப் போட்டேன். கருவி திறந்தது. லேப்டாப் மட்டும் எதுவும் சொருகியிருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"வெளிச்சம் வருதுல்லா, அப்ப கரண்டு போவுது. தகவல்தான் போவல. அந்த கேபிள் எல்லாம் சார்ஜ் ஏத்துறதுக்கு மட்டும் உள்ளதும்மா" என்றாய். மறு நாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கடைக்குப் போனேன். "டேட்டா போவணுமாக்கா, சார்ஜ் மட்டும் ஏறுனா போதுமா?" என்று கேட்டான் கடைக்காரன். இப்படி இரண்டு ஜாதி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நல்லதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். அப்பவும் வெளிச்சம் வந்தது, லேப்டாப் பேசவில்லை. லேப்டாப்பின் அந்தப் பக்கத் துளையில் மாட்டச் சொன்னாய், மாட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னாய். அது ஏதோ அப்டேட் என்று இரண்டு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது, நான் இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டு ஆட்டியே முடித்துவிட்டேன். லேப்டாப்பில் கருவிக்கென்று இருந்த செயலியை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாய். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நீ கேட்டாய். "அம்மா, நெசமாவே உள்ள முழுசா சொருகுதியா?"

கேட்டது சாதாரணக் கேள்விதான். ஆனால் நீ எதை நினைத்துக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். இவளுக்கு இது பிடிக்காது, இவள் மனசறிந்து சரியாகச் செய்யவில்லை என்றுதான். நான் "சொருகாம பின்ன விளையாடுதேனா" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். மணி, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. முதல் நாள் அது இணையாமல் போனபோது என் மனசில் ஒரு மூலையில், நல்லதாகப் போச்சு, இத்தோடு இந்தச் சனியன் தொலைந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நிமிஷம்தான். ஆனால் வந்தது. பெற்ற பிள்ளை அந்நிய ஊரில் ரூமுக்கு வாடகை கொடுக்க முடியாமல் நிற்கிறான், எனக்கு இப்படி ஒரு நினைப்பு. நான் கத்தியது உன் சந்தேகம் பொய் என்பதற்காக இல்லை. அதில் அந்த ஒரு நிமிஷ அளவுக்கு உண்மை இருந்தது என்பதற்காகத்தான்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் மூன்றாம் நாள் நான் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். இது உனக்குத் தெரியும், உமாவுக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். உன்னைக் கேட்காமல் நானே சரிசெய்துவிட வேண்டும் என்று லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்து போனில் தேடினேன். கருவியின் பேரைப் போட்டதும் உதவி எண் என்று ஒன்று வந்தது. கூப்பிட்டேன். எடுத்தவன் வாயில் தேன். "கவலப்படாதீங்க மேடம், உங்க டிவைஸ் எங்க சர்வர்ல இருந்து விட்டுப்போயிருக்கு, அந்த இருபத்துநாலு வார்த்தைய மட்டும் சொல்லுங்க, இங்க இருந்தே சேர்த்துவிட்டுடுறேன்" என்றான். நான் எழுந்து போய் லாக்கரைத் திறந்து உறையைக் கிழித்தேன். நீ தொடமாட்டேன் என்று நம்பிக் கொடுத்த உறையை. உன் குண்டு குண்டு எழுத்து. ஒன்று, இரண்டு என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஏழு வார்த்தை சொல்லிவிட்டேன். எட்டாவதற்கு நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன், "சீக்கிரம் மேடம், சீக்கிரம், லைன் கட்டாயிடும்" என்றான்.

அந்தச் சீக்கிரம்தான் என்னை நிறுத்தியது. நீ மூன்றாம் கிளாஸ் படிக்கும்போது நடந்தது இது, உன்னிடம் சொன்னதே இல்லை. சீசன் நேரம், கவுண்டரில் கூட்டம். ஒருவன் ஈரத் துண்டோடு ஓடி வந்து, "பன்னெண்டாம் நம்பர் ரூம், புள்ள உள்ள அழுவுது, சாவி பொண்டாட்டிட்ட இருக்கு, அவ அருவியில நிக்கா, சீக்கிரம் இன்னொரு சாவி குடுங்க" என்றான். பிள்ளை அழுகிறது என்றதும் நான் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் நம்பரில் பிள்ளையே கிடையாது. ஒரு வயசான புருஷன் பெண்டாட்டி தங்கியிருந்தார்கள். அருவியிலிருந்து வந்து பார்த்தால் அவர்கள் பை இல்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, ஈரச் சேலையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பாதது என் நல்ல நேரம். அன்றைக்கு நானே எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். சாவி கேட்கிறவன் அவசரப்படுத்தினால் அவனுக்குச் சாவி கிடையாது. நிஜமான ஆளாக இருந்தால் காத்திருப்பான், சண்டை போடுவான், ஆனால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவான். அந்தச் சட்டத்தால்தான் போனை வைத்தேன்.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். மறைக்கலாமா என்று நினைக்கக்கூட இல்லை, அதுவரைக்கும் நான் யோக்கியம்தான். "ஒரு திருட்டுப்பய கிட்ட ஏழு வார்த்தைய சொல்லிட்டேன்லே" என்றேன். நான் கவுண்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மிச்சம் பதினேழு சொல்லலைல்லா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்ப அவனால ஒண்ணும் புடுங்க முடியாது. நான் வந்து பூட்டையே மாத்திக்கிடுதேன். நீ அழாத" என்றாய். நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் நீ சொன்னாய், "நாந்தான் உன்னய சந்தேகப்பட்டேன். நீ இம்புட்டு மெனக்கெடுதியே." அந்த வார்த்தை என்னை என்ன பாடுபடுத்தியது என்று உனக்குத் தெரியாது.

இனித்தான் உனக்குத் தெரியாத பாகம்.

நாலாம் நாள் காலையில் வாசலில் நாற்காலியைப் போட்டு, வெயிலில் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாளாக லேப்டாப்பையும் கேபிளையும் பார்த்தோமே தவிர, கருவியில் இருந்த துளையை யாரும் பார்க்கவில்லை. போனில் பிடித்துக் காட்டும்போதும் உனக்குக் கண்ணாடிப் பக்கம்தான் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டு, போனில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மஞ்சளாக ஏதோ இறுகிப் போய் இருந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

நீ மஸ்கட் போன அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு லாட்ஜில் வழக்கம்போல சாவிப் பலகை, பில் போடுகிற கம்ப்யூட்டர், போர்வெல் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் உன் புத்தகங்களுக்கு வைத்தேன், லேப்டாப்புக்கு வைத்தேன், அப்பாவின் மரம் அளக்கிற டேப்புக்கு வைத்தேன். கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பீரோவைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தேன். ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பாதிச் சோற்றில் நீ கை கழுவினது ஞாபகம் வந்தது. சரி, என் பிள்ளை ராத்திரியும் பகலும் உழைத்த காசு இதை நம்பி இருக்கிறது, நல்லபடியாக இருக்கட்டும் என்று சொல்லி, விரல் நிறைய எடுத்து அப்பினேன். அந்தச் சாமான் இருக்கிற இருப்புக்குப் பொட்டு வைக்க இடம் எங்கே? வழிந்து ஓரத்துக்குப் போயிருக்கிறது. ஈரத்தோடேயே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மேலே ஒட்டியிருந்ததை முதல் நாள் துடைத்தேன், நீ பார்ப்பதற்கு முன்னால். துளைக்குள் போனது கல்லாக இறுகிவிட்டது. கேபிளின் நுனி முழுசாக உள்ளே போகாமல், கரண்டு மட்டும் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது.

விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்து, அழுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். பழைய பல் துலக்கும் பிரஷை வைத்துத் தட்டினேன். மாவாகக் கொட்டியது. அந்தக் கடைக் கேபிளை மாட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்தது கைக்கே தெரிந்தது. லேப்டாப் டிங்கென்று சத்தம் கொடுத்தது. உன்னைக் கூப்பிட்டேன். "என்னம்மா செஞ்ச?" என்று கத்தினாய். நான் வாயைத் திறந்து, "கேபிள நல்லா மாட்டுனேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சந்தனம் என்று சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், அதோடு முடிந்திருக்கும். ஆனால் உடனே கேட்டிருப்பாய்: சூது, சீட்டு, அப்பன் ரத்தம் என்று பேசினவள் அதற்கு ஏன் பூஜை போட்டாய் என்று. அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது, நான் சொன்னது தப்பு என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்பது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. திருட்டுப் பயலிடம் ஏழு வார்த்தை சொன்னதை உடனே ஒத்துக்கொண்டேன். என் பிள்ளைமேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. என்ன பிறவி பார். கேபிள் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். நல்ல பழிதான், பாராட்டுப் பழி, இருந்தாலும் பொய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். காசு போக வேண்டிய விலாசத்தை நீ அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய். நான் அந்தக் கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன், லாட்ஜுக்கு வருகிறவர்களின் அடையாள அட்டை நம்பரைச் சரிபார்க்கிற மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் வேறு எவனுக்கோ போய்விடும் என்றாய். எல்லாம் சரி. "இப்ப ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்கும்மா" என்றாய். அமுக்கினேன். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் புரியவில்லை. ஆனால் உன்னை ஊருக்குக் கூட்டி வருகிற பொத்தான் அது என்று தெரியும். நீ உன் காசிலேயே வந்தாய். வந்த அன்றைக்குச் சொதிதான் வைத்தேன். நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய். நான் அடுப்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நீ புது வார்த்தைகளை உண்டாக்கி, காசை அந்தப் பக்கம் மாற்றிவிட்டுப் பழைய காகிதத்தை எரித்தாய். அதே வெந்நீர் அடுப்பில்தான். இந்தத் தடவை நான் கதவோரம் நின்று பார்த்தேன். அப்புறம் புது உறையை ஒட்டி, என்னிடமே நீட்டி, "லாட்ஜுலயே இருக்கட்டும்மா" என்றாய். உறையைக் கிழித்தவளிடமே மறுபடி உறை. "நான் கிழிச்சிருவேன்லே" என்றேன். "நீ ஏழுல நிறுத்துனவல்லா" என்றாய். அந்த உறை என் தட்டில் இருக்கிறது, ஒட்டினது ஒட்டினபடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பொய்யையும் கூட வைத்திருக்க எனக்கு முடியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும்.

உறை எங்கே இருக்கிறது என்று உமாவிடம் சொல்லி வை. கணவன் மனைவிக்குள் யாரோ ஒருவருக்கு மட்டும் தெரிந்த அலமாரி இருக்கக் கூடாது. காலண்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உன் அப்பா என்னிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், ஆனால் அவர் போன பிறகு தனியாக நின்று அதைப் பார்த்திருக்க மாட்டேன். இன்னொன்று, அவள் ஏதாவது சொல்லிவிட்டால் பாதிச் சோற்றில் கை கழுவாதே. சண்டை போடு, தட்டைக் காலி செய்துவிட்டுப் போடு. ஒன்று இணையவில்லை என்றால் ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் துளையைப் பார். உன் அம்மாவைப் போன்றவர்கள் அன்பை எங்கே கொண்டுபோய் அடைத்து வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் அன்றைக்குச் சொன்ன அந்தச் சொல். உங்கப்பன் ரத்தம் என்று. அது என் தப்பு மணி. உன்னைச் சொன்னதும் தப்பு, செத்த மனுஷனை அதில் இழுத்ததும் தப்பு. உன் அத்தையிடமும் நேற்றுப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தேன், அவள் முன்னால்தானே சொன்னேன். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

இங்கே சாரல் பிடித்துக்கொண்டது, அருவிக்குச் சீசன் கூட்டம் வந்துவிடும். நாளையிலிருந்து லாட்ஜில் உட்கார நேரம் இருக்காது. கருவியைத் துடைத்து வைத்திருக்கிறேன், அந்தக் கேபிளும் கூடவே இருக்கிறது, யாருக்கும் கொடுத்துவிடாதே. டப்பாவின் மூடியில் மஞ்சளாக ஒன்று இருக்கும், அழுக்கு என்று நினைத்துச் சுரண்டாதே. நான் வைத்த பொட்டுதான். இந்தத் தடவை வெளியே மட்டும் வைத்து, ஒரு பகல் முழுக்க மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டு, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாமானை உள்ளே வைத்தேன்.

அம்மா